ஐந்தாவதும் நாற்பதாவதும்

சாவிக்காரரின் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியும், மாநகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் அவள் தினமும் காலை ஆறு பத்து பஸ்ஸில் ஏறிக்கொண்டுதான் இருந்தாள். இது சாவிக்காரருக்குத் தெரியவந்தது சாலைப் பிரிவில்.

அவர் அங்கே போனது வேறு காரியமாக. அவர் வீட்டுக்கு எதிரே இருந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு வரை ஒரு சாதாரண சாலை. ஒரு பட்ஜெட்டில் அது நான்கு வழிச் சாலை ஆனது. சாலை ஒரு பிரிவுடையது, பஸ் ஸ்டாப் இன்னொரு பிரிவுடையது. இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. ஆனால் கடிதம் மூலமாகத்தான் பேசிக்கொள்ளும். ஒரு கடிதம் நடைக்கூடத்தைக் கடந்து எதிர் அறைக்குப் போக ஒன்பது நாள் ஆகும். ஸ்டாப்புக்கு இடம் விடும்படி கேட்ட கடிதம் போய்ச் சேர்வதற்குள் சாலையைப் போட்டு முடித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் இடம் மிஞ்சவில்லை என்பதால் ஸ்டாப்பை அந்தப் பக்கம் நட்டார்கள். வீடுகளை நகர்த்த நிதி இல்லாததால் அவை இந்தப் பக்கமே இருந்துவிட்டன.

அப்படித்தான் அவர் மனைவி, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள், ஒரு நாள் காலை ஆறு பத்து பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடந்தாள். பாதி கடந்தாள்.

சாவிக்காரர் சண்டை போடத் தெரியாத மனிதர். மார்க்கெட் முனையில் ஒரு பெட்டிக்கடை, ஒரு சாவி அறுக்கும் மெஷின், இவ்வளவுதான் அவர் உலகம். ஆனால் மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகும் மகளும் அதே பஸ்ஸைப் பிடிக்க அதே இடத்தில்தான் கடக்க வேண்டியிருந்தது. அவள் கிளம்பியதும் அவர் ஜன்னல் பக்கம் போகமாட்டார். சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். தண்ணீர் ஓடும் சத்தத்தில் பிரேக் சத்தம் கேட்காது. பதினோரு மாதம் அப்படி நின்றபிறகு, ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு சாலைப் பிரிவுக்குப் போனார்.

உதவிப் பொறியாளர் மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார். மனுவை இரண்டு முறை படித்தார்.

"சிக்னலோட ஜீப்ரா கிராஸிங் கேக்கறீங்க. நியாயம்தான். ஒரே இடத்துல மூணு வருஷத்துல அஞ்சு பேர் செத்திருந்தா பட்ஜெட்ல அதுக்குன்னு ஒரு செலவுத் தலைப்பு திறக்கலாம். உங்க இடத்துல நாலு இருக்கு."

"அஞ்சு சார்," என்றார் சாவிக்காரர். "பால்காரர், ரெண்டாவது தெரு டீச்சரம்மா, சைக்கிள்ல வந்த பெயிண்டர், அந்த காலேஜ் பையன். அப்புறம் என் வீட்டுக்காரி."

பொறியாளர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இவங்களைத் தள்ளுபடி பண்ணியிருக்கோம்."

"செத்துட்டா சார்."

"ஆஸ்பத்திரி அப்படித்தான் சொல்லுது. போலீஸும் சொல்லுது. நாங்களும் மறுக்கல. ஆனா எதிர் ரூம் ஒத்துக்கல. செத்தவங்க லிஸ்டை பட்ஜெட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி போக்குவரத்துப் பிரிவோட சரிபார்க்கணும்னு விதி. அவங்க கணக்குப்படி உங்க வீட்டம்மா தினமும் வர்றாங்க. போன செவ்வாய்க்கிழமைகூட ஏறியிருக்காங்க."

சாவிக்காரருக்குக் கோபம் வரவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சு குதித்தது.

"எங்க இறங்கினா?" என்று கேட்டுவிட்டார்.

பொறியாளர் வருத்தத்துடன் தலையை ஆட்டினார். "அது தெரியாதுங்க. ஏறுறதைத்தான் எண்ணுறாங்க. இறங்குறதை எண்ண நிதி ஒதுக்கல."

மறுநாள் காலை சாவிக்காரர் குழாயைத் திறக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வழிகளையும் ஓடிக் கடந்து, பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்த ஸ்டாப்பில் போய் நின்றார். அங்கே கையில் எண்ணும் மெஷினோடு மாநகராட்சி எண்ணிக்கைக்காரர் நின்றிருந்தார். ஒல்லியான ஆள். பஸ் வந்தது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு அமுக்கு. டிக், டிக் என்று முப்பத்தொன்பது தலை ஏறியது. மகள் ஜன்னல் வழியாகக் கை அசைத்தாள். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. எண்ணிக்கைக்காரர் காலியாக இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை அமுக்கினார்.

டிக்.

"அது யாருக்கு?" என்றார் சாவிக்காரர்.

எண்ணிக்கைக்காரர் திடுக்கிட்டார். ஆளை அடையாளம் தெரிந்ததும் மெஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அண்ணே, வேணும்னு அமுக்கலண்ணே. கட்டைவிரல் தானா போயிடுது. பழைய ஸ்டாப்புலேருந்தே, ஏழு வருஷமா அக்காதான் கடைசி. பஸ் நகர்ந்தப்புறம் 'ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்'னு கையைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. டிரைவர் நிறுத்துவார். இப்பவும் பாருங்க, அந்த இடத்துல ஒரு மிதி மிதிச்சிட்டுத்தான் போறார்."

சாவிக்காரர் பார்த்தார். பஸ் கொஞ்ச தூரம் ஊர்ந்துபோய், ஒரு மூச்சு நேரம் தயங்கி, பிறகு வேகம் எடுத்தது.

"ஆபீஸ்ல சொல்லலாம்னு நெனச்சேன்," என்றார் எண்ணிக்கைக்காரர். "சொன்னா நாப்பது முப்பத்தொன்பதா ஆயிடும். அப்புறம் என்ன ஆகும்னு மேடத்துக்கிட்ட கேளுங்க."

மேடம் என்பது போக்குவரத்துப் பிரிவு மேலாளர் அம்மா. அவர் அறைச் சுவர் முழுக்க வரைபடங்கள் தொங்கின. எல்லாக் கோடுகளும் மேல்நோக்கியே போயின. அவர் சாவிக்காரரின் கதையைக் கண் கலங்கக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தார்.

"உங்க வீட்டம்மா பாஸ் நடப்புல இருக்கு. யாரும் ரத்து பண்ணாத வரைக்கும் அது தானாப் புதுப்பிச்சுக்கும்."

"இப்ப ரத்து பண்ணிடுங்கம்மா."

"பண்ணலாமே. பாஸ் வச்சிருக்கறவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

மேலாளர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்காக விதியைத் தளர்த்தறேன்னே வைங்க. ஒரு ரூட்டுக்கு நாப்பது நிரந்தரப் பயணி வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் பட்ஜெட்ல பஸ்ஸை எடுத்துடுவாங்க. உங்க மகளும் அதுலதானே போறா? யோசிங்க. உண்மையைச் சொல்றேன், உயிரோட இருக்கறவங்களை நம்பி பட்ஜெட் போட முடியறதில்ல. லீவு போடறாங்க, ஊர் மாத்திப் போயிடறாங்க, ஸ்கூட்டர் வாங்கிடறாங்க. உங்க வீட்டம்மா மாதிரி ஒரு நாள் தவறாம வர்றவங்கதான் இந்தத் துறைக்கு முதுகெலும்பு. உங்க ரூட்டாவது பரவாயில்ல, ஒருத்தர்தான். மார்க்கெட் ரூட்ல பாதி சீட் அப்படித்தான். ஒரு சத்தம் கிடையாது, ஒரு புகார் கிடையாது."

பிறகு இழுப்பறையிலிருந்து தங்க நிற விளிம்பு போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆண்டின் சிறந்த பயணி என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே அவள் பெயர். வருகை நூற்றுக்கு நூறு.

"விழாவுக்கு வரலியேன்னு நெனச்சேன். அவங்ககிட்ட சேர்த்துடுங்க."

அன்று சாயங்காலம் மகள் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா ஸ்கூல்ல படிக்கறப்பகூட சர்ட்டிபிகேட் வாங்கினதில்லன்னு சொல்வாங்க," என்றாள். சிரிக்க முயன்று முடியாமல் விட்டுவிட்டாள்.

சாவிக்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார். பொறியாளர் அறையில் அவள் ஐந்தாவது. மேலாளர் அம்மா அறையில் அவள் நாற்பதாவது. இங்கே எடுத்தால் அங்கே குறையும்.

"அம்மா இருக்காங்கன்னா பஸ் வரும். இல்லேன்னா கிராஸிங் வரும்," என்றாள் மகள். "பஸ் போயிட்டா எனக்கு வேலை போயிடும்ப்பா. பத்து நிமிஷம் லேட்டானா கேட்டைச் சாத்திடறான்."

"கிராஸிங் வரலேன்னா?"

"பாத்துக் கடப்பேன்."

"உங்கம்மா பாக்காமயா கடந்தா?"

இரண்டு பேரும் ஒரு முடிவு எடுத்தார்கள். பட்ஜெட் முடியும்வரை அவள் பஸ் கணக்கில் இருக்கட்டும்.

விஷயம் தெருவுக்குக் கசிந்தது. தெருக்காரர்கள் நல்லவர்கள். யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டாப்பில் வரிசை நிற்கும்போது கடைசியில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்கள். மேலாளர் அம்மா சோதனைக்கு வந்தால் எண்ணிக்கை இடிக்கக்கூடாது என்பதற்காக முதலில் செய்ததுதான். ஒரு வாரத்தில் அது பழக்கமாகிவிட்டது. தெரியாமல் அந்த இடத்தில் போய் நின்ற ஒரு வெளியூர்க்காரரை, "அங்க ஆள் இருக்காங்க" என்று நகர்த்தினார்கள். மழை பெய்த ஒரு காலையில் பள்ளிக்கூட ஆயா ஒருத்தி தன் குடையை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததைச் சாவிக்காரர் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. அது அவ்வளவு நல்லதில்லை. நாலு இருக்கிறது, ஒன்று வந்தால் போதும் என்கிற கணக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஓடிக் கடக்கும்போது ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். மூச்சு வாங்குகிறவரை, கண்பார்வை குறைந்தவரை, செருப்பு அறுந்தவரை. யாரும் எதுவும் நினைக்கவில்லை. ஆனால் பார்த்தார்கள். எழுபது வயது ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், "என்னை ஏன்யா அப்படிப் பாக்கறீங்க? எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு" என்று ஒருநாள் நடுச்சாலையில் நின்று கத்தினார். அதன்பிறகு அவர் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

பட்ஜெட் கூட்டத்துக்குச் சாவிக்காரருக்கு அழைப்பு வந்தது. பொதுமக்கள் முன்னிலையில் பட்ஜெட் நிறைவேற்றப்பட வேண்டும் என்று சட்டம் சொல்வதால், பொதுமக்கள் என்று எழுதிய ஒரு நாற்காலி மன்றத்தில் உண்டு. அந்த வருடம் அதில் அவரை உட்காரவைத்தார்கள். பேசக்கூடாது. ஆனால் கைதட்டலாம்.

மேயர் வெள்ளை வெளேரென்ற உடையில் வந்தார். சாலைக்கான பக்கங்களைப் படித்தார். போக்குவரத்துக்கான பக்கங்களைப் படித்தார். எல்லாவற்றுக்கும் எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். அப்போது தணிக்கை அதிகாரி எழுந்தார்.

"ஒரு சின்ன முரண்பாடு இருக்குங்க. ஒரே பெண்மணி சாலைப் பிரிவு அனுப்பின மனுவில இறந்தவங்களாவும், போக்குவரத்துப் பிரிவுல பயணியாவும் வர்றாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு தலைப்புல நிதி கேக்க முடியாது."

பொறியாளரும் மேலாளர் அம்மாவும் எழுந்து நின்றார்கள். ஒருவர் செத்துவிட்டாள் என்றார். ஒருவர் சாகவில்லை என்றார். இரண்டு பேர் கையிலும் சீல் போட்ட காகிதம் இருந்தது. மன்றம் குழம்பிப்போயிற்று. யாரும் நாற்காலியில் இருந்த பொதுமக்களைப் பார்த்துக் கேட்கவில்லை.

மேயர் கையை உயர்த்தினார்.

"சண்டை வேண்டாம். இதை நான் மனிதாபிமானத்தோட அணுகறேன். அந்தச் சாலையில ஒரு உயிர்கூடப் போகக்கூடாது, அதுதான் என் கனவு. நாலு போயிருக்கு. அஞ்சாவது போக விடலாமா? விடக்கூடாது. மக்கள் ஏன் சாலையைக் கடக்கறாங்க? பஸ் அந்தப் பக்கம் இருக்கறதால. பஸ் இல்லேன்னா கடக்க மாட்டாங்க. கடக்கலேன்னா சாக மாட்டாங்க. சாகலேன்னா கிராஸிங் தேவையில்ல. ஒரே கையெழுத்துல ரெண்டு செலவு மிச்சம், உயிரும் மிச்சம். அந்தப் பெண்மணி பேரை ரெண்டு பதிவேட்டுலேருந்தும் எடுத்துடுங்க. அவங்களுக்கும் நிம்மதி."

மேஜைகள் அதிர்ந்தன. மிச்சமான பணத்தில் சாலையோரம் நெடுக, 'விபத்தில்லாச் சாலை' என்று எழுதிய பலகைகள் வைக்கத் தீர்மானம் நிறைவேறியது.

அப்போது பொதுமக்கள் எழுந்து நின்றது. விதிப்படி அது தவறு.

"அய்யா," என்றார் சாவிக்காரர். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என் வீட்டுக்காரி இப்ப உங்க கணக்குல உயிரோட இருக்காளா, செத்துட்டாளா?"

மேயர் தணிக்கை அதிகாரியைப் பார்த்தார். தணிக்கை அதிகாரி தாளைப் புரட்டினார்.

"ரெண்டும் இல்லீங்க. அப்படி ஒருத்தங்க இல்ல."

கூட்டக் குறிப்பில், பொதுமக்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள் என்று பதிவாயிற்று.

ஆறு பத்து பஸ் நின்றுபோனது. ஸ்டாப்பின் கூரையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் முப்பத்தொன்பது பேருக்கும் வேலை இருந்தது. அடுத்த பஸ் இன்னொரு தெருவில், ஒரு மைல் தள்ளி நின்றது. அந்தத் தெருவும் சாலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. மேயருக்கு இதை யாரும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது பேரும் அரைமணி முன்னாலேயே எழுந்து, இன்னும் இருட்டாக இருக்கும்போதே, அதே இடத்தில் ஓடிக் கடந்தார்கள்.

முதல் நாள் மகள் அப்படி ஓடுவதைச் சாவிக்காரர் வாசலில் நின்று பார்த்தார். இரண்டாவது வழியில் அவள் தடுமாறினாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவள் துப்பட்டாவை உரசிப் போனது.

இரண்டாம் நாள் அவர் சாலையின் நடுவில் போய் நின்றார். கையைத் தூக்கினார். டார்ச் லைட்டைத் தன் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டார். கார்கள் கிறீச்சிட்டு நின்றன. வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். எல்லோரும் கடந்து முடியும்வரை அவர் அசையவில்லை. மூன்றாம் நாளும் நின்றார். அதற்கப்புறம் தினமும் நின்றார். அந்த நேரம் அவருக்கு ஒரு விசித்திரமான நிம்மதி இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்க நிற்பது போலவும், தான் திரும்பிப் பார்க்காதவரை அது அங்கேயே நிற்கும் என்பது போலவும் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. குறிப்பிட்ட இடத்தில் அனுமதியின்றி ஒரு பாதசாரிக் கடவையை நிறுவி இயக்கி வருவது மாநகராட்சியின் கவனத்துக்கு வந்துள்ளது என்றும், அதை அகற்றத் துணை பட்ஜெட்டில் அவசர நிதி ஒதுக்கப்பட்டுள்ளது என்றும் அதில் கண்டிருந்தது. கிராஸிங் போடுவதற்குத்தான் ஐந்து பிணம் தேவை. எடுப்பதற்கு ஒன்றும் தேவையில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை விடிந்தும் விடியாமல் ஒரு வண்டி வந்து நின்றது. மேஸ்திரி ஒருவரும் நாலு ஆட்களும் இறங்கினார்கள். சாவிக்காரர் வழக்கம்போல டார்ச்சோடு நின்றிருந்தார். மேஸ்திரி சாலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"பெரியவரே, இங்க ஜீப்ரா கிராஸிங் எங்க இருக்கு?"

"நான்தான்."

மேஸ்திரி உத்தரவைப் படித்தார். மறுபடியும் சாலையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"பெரிய தொல்லையாப் போச்சே. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, எடுத்தப்புறம் ஒரு போட்டோ கேக்கறாங்க. உங்களைப் போட்டோ எடுத்துட்டுப் போனா பில் பாஸ் ஆகாது. கோடு வேணும்."

"இல்லாத கோட்டை எப்படி எடுப்பீங்க?"

"போட்டுத்தான் எடுக்கணும்," என்றார் மேஸ்திரி. அவருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. "டேய், வெள்ளை டின்னை இறக்குங்கடா."

நாலு பேரும் வேலை தெரிந்தவர்கள். கயிறு பிடித்து, நான்கு வழிகளுக்கும் குறுக்கே, பட்டை பட்டையாக, நேர்த்தியாகப் போட்டார்கள். கடைசிப் பட்டை முடிந்ததும் மேஸ்திரி போட்டோ எடுத்தார். பிறகு அழிப்பதற்குக் கறுப்பு பெயிண்ட் கேட்டார். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கறுப்பு பெயிண்ட் பொருள் கொள்முதல் தலைப்பில் வருகிறது, அது அடுத்த வருட பட்ஜெட்டில் என்று உத்தரவின் பின்பக்கம் எழுதியிருந்தது.

"சரி, அதுவரைக்கும் இருக்கட்டும்," என்றார் மேஸ்திரி. வண்டியில் ஏறினார். தெருவிலிருந்து ஆட்கள் வருவதைப் பார்த்து, "ஈரம், ஈரம், கொஞ்சம் பொறுங்க" என்று கத்தினார். யாருக்கும் பொறுக்க நேரமில்லை. மாத்திரை கம்பெனியில் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

மகள் முதலில் கால் வைத்தாள். தூரத்தில் வந்த கார் வெள்ளைப் பட்டையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. அதன் பின்னால் வந்த லாரியும் நின்றது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சாவிக்காரர் கையைத் தூக்க மறந்து ஓரத்திலேயே நின்றுவிட்டார். அத்தனை பேரும் ஓடாமல், நடந்து, அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லோரும் போனபிறகு அவரும் மெதுவாகக் கடந்தார். அந்தக் கரையின் கறுப்புத் தாரில், வெள்ளை வெள்ளையாய்ச் செருப்புத் தடங்கள் கிளம்பி, அடுத்த தெருவை நோக்கிப் போயிருந்தன. நன்றாக விடிந்திருந்தது. மகளின் தடம் எது என்று தேடிக் கண்டுபிடித்தார். பிறகு மற்றவர்களுடையதை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆணி வைத்த பூட்ஸ், குதிகால் தேய்ந்த செருப்பு, ஆயாவின் ரப்பர் செருப்பு. தன்னை அறியாமல் விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தார்.

முப்பத்தெட்டுவரை வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒருவருடையதோ இருவருடையதோ, தடங்கள் தெரிந்தன. சாவிக்காரர் எண்ணுவதை நிறுத்தினார். விரலை மடக்கிக்கொண்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, திரும்பி நடந்தார்.